பிலோயலா கேட்டதும் எட்டயபுரம் கேட்காததும்

ஆஸ்திரேலியா என்றால் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது கிரிக்கெட். அடுத்தது கங்காரு. அந்த நாட்டின் மத்திய அரசியலைப் பற்றிப் பேச்செடுத்தால், "அவங்க ஊர் சண்டை நமக்கு எதுக்கு?" என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 2001-க்குப் பிறகு கான்பெராவில் ஆட்சியைப் பிடிக்க நடந்த சண்டைகளில் திரும்பத் திரும்ப மேடையேறிய ஒரு விஷயம் உண்டு. அது படகு. அந்தப் படகுகள் பலவற்றில் இருந்தவர்கள் தமிழர்கள். சிலர் இலங்கையில் இருந்து நேராகப் போனவர்கள். சிலர் தமிழ்நாட்டு முகாம்களில் பல வருடம் காத்திருந்து, இனி இங்கே விடியாது என்று கிளம்பியவர்கள்.

அந்த முகாம்களில் ஒன்று எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் தாப்பாத்தியில் இருக்கிறது. அதனால் இந்தச் சண்டையில் எட்டயபுரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. எப்படி என்று பார்ப்போம்.

படகை வைத்து ஓட்டு

2001 ஆகஸ்டில் கடலில் தத்தளித்த 433 பேரை 'டாம்பா' என்ற நார்வே நாட்டுக் கப்பல் காப்பாற்றியது. பெரும்பாலோர் ஆப்கானிஸ்தானில் இருந்து தப்பி வந்தவர்கள். அவர்களை ஆஸ்திரேலிய மண்ணில் இறக்க விடமாட்டேன் என்றார் அப்போதைய பிரதமர் ஜான் ஹோவர்ட். யார் உள்ளே வரலாம் என்பதை நாங்களே முடிவு செய்வோம் என்பதுதான் அவருடைய பிரச்சாரத்தின் சாரம். வருபவர்களை நவுரு, பப்புவா நியூகினியின் மனுஸ் தீவு என்று வெளியே அனுப்பி அடைத்து வைக்கும் திட்டம் அப்போது பிறந்தது. அதே வருடம் அக்டோபரில், படகில் வந்தவர்கள் தங்கள் குழந்தைகளையே கடலில் வீசினார்கள் என்று அமைச்சர்கள் சொன்னார்கள். அது உண்மையில்லை என்று பிறகு நிரூபணமானது. ஆனால் அதற்குள் நவம்பர் தேர்தல் முடிந்து ஹோவர்ட் ஜெயித்துவிட்டார்!

அன்றிலிருந்து இரண்டு பெரிய கட்சிகளுக்கும் படகு ஒரு பாடம் ஆகிவிட்டது. படகு விஷயத்தில் இளகியவர் என்று பெயர் வாங்கினால் தோற்போம் என்ற பாடம்.

2007-இல் தொழிற்கட்சியின் கெவின் ரட் வந்தார். நவுரு, மனுஸ் முகாம்களை மூடினார். 2009-இல் ஈழத்தில் போர் முடிந்த சில மாதங்களில் 78 இலங்கைத் தமிழர்களைக் கடலில் இருந்து மீட்ட 'ஓஷியானிக் வைக்கிங்' என்ற ஆஸ்திரேலியக் கப்பல் இந்தோனேசியாவுக்குப் போனது. அவர்கள் இறங்க மறுத்து ஏறக்குறைய ஒரு மாதம் கப்பலிலேயே இருந்தார்கள். அந்த ஒரு மாதமும் ரட் அரசுக்குத் தலைவலி. 2010-இல் சொந்தக் கட்சியே ரட்டை இறக்கிவிட்டு ஜூலியா கில்லார்டை ஏற்றியது. 2012-இல் கில்லார்ட் அரசு நவுருவையும் மனுஸையும் மறுபடி திறந்தது. 2013 ஜூனில் கில்லார்டை இறக்கிவிட்டு ரட் மறுபடி வந்தார். வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? படகில் வருகிற யாரும் எந்தக் காலத்திலும் ஆஸ்திரேலியாவில் குடியேற முடியாது என்று ஜூலை 19 அன்று அறிவித்தார். முகாம்களை மூடிய அதே ரட்!

அப்படியும் தோற்றார். "படகுகளை நிறுத்துவோம்" என்ற கோஷத்தோடு டோனி அபோட் செப்டம்பரில் பிரதமரானார். குடிவரவு அமைச்சராக இருந்த ஸ்காட் மோரிசன் படகுகளை நடுக்கடலிலேயே திருப்பி அனுப்பும் ராணுவ நடவடிக்கையை நடத்தினார். நவம்பரில் கொழும்பில் நடந்த காமன்வெல்த் மாநாட்டுக்குப் போன அபோட், இலங்கைக் கடற்படைக்கு இரண்டு ரோந்துப் படகுகளைப் பரிசாக அறிவித்தார். தமிழர்கள் தப்பிப் போகாமல் தடுப்பதற்கு!

2015-இல் அபோட்டை மால்கம் டர்ன்புல் கவிழ்த்தார். 2018-இல் பீட்டர் டட்டன் கிளப்பிய உட்கட்சிச் சண்டையில் டர்ன்புல் கவிழ, நடுவில் புகுந்து மோரிசன் பிரதமரானார். அவருடைய அலுவலகத்தில் படகு வடிவத்தில் ஒரு நினைவுப் பரிசு இருந்தது. இவற்றை நிறுத்தியது நான்தான் என்ற வாசகம் அதில் பொறிக்கப்பட்டிருந்தது.

எட்டு வருடத்தில் நான்கு முறை பிரதமரைச் சொந்தக் கட்சியே மாற்றிய நாடு அது. எல்லாம் மாறியது. படகுக் கொள்கை மட்டும் மாறவில்லை. 2015-இல் எதிர்க்கட்சியாக இருந்த தொழிற்கட்சியும் படகுகளைத் திருப்பி அனுப்புவதை ஏற்றுக்கொண்டது.

அவர்கள் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. 2010 டிசம்பரில் கிறிஸ்துமஸ் தீவின் பாறைகளில் ஒரு படகு மோதி ஏறக்குறைய 50 பேர் கரையில் நின்றவர்களின் கண்ணெதிரே இறந்தார்கள். அந்தச் சில வருடங்களில் கடலில் மூழ்கியவர்கள் ஆயிரத்துக்கும் மேல் என்று மதிப்பிட்டார்கள். படகை நிறுத்தினால் சாவும் நிற்கும் என்பது அரசின் வாதம். முறைப்படி விண்ணப்பிக்கும் அகதிகளை வருடாவருடம் ஆயிரக்கணக்கில் ஏற்கவும் செய்கிறார்கள். ஆனால் சாவைத் தடுக்கிறேன் என்று சொல்லி, உயிரோடு வந்து சேர்ந்தவர்களை வருடக்கணக்கில் தீவில் அடைத்து மனநோயாளி ஆக்குவது என்ன வகை இரக்கம்? இந்தக் கேள்விக்கு இரண்டு கட்சிகளிடமும் நல்ல பதில் இருந்ததில்லை.

புதுச்சேரியில் இருந்து போன 157 பேர்

2014 ஜூனில் புதுச்சேரியில் இருந்து ஒரு படகு கிளம்பியது. உள்ளே 157 தமிழர்கள். குழந்தைகளும் இருந்தார்கள். பலர் தமிழ்நாட்டில் அகதிகளாக வாழ்ந்தவர்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. கிறிஸ்துமஸ் தீவுக்கு அருகே ஆஸ்திரேலியா அவர்களைப் பிடித்து, ஏறக்குறைய ஒரு மாதம் கப்பலிலேயே வைத்திருந்தது. இந்தியாவுக்கே திருப்பி அனுப்பப் பார்த்தது. கடைசியில் அவர்கள் நவுருவுக்குப் போனார்கள். இப்படிக் கடலில் அடைத்து வைத்தது சட்டப்படி சரியா என்ற வழக்கில், 2015 ஜனவரியில் அந்த நாட்டு உயர் நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

அந்தச் செய்தி வந்தபோது தமிழ்நாட்டில் ஆஸ்திரேலியாவைத் திட்டாத ஆள் இல்லை. திட்டியது சரி. ஆனால் இன்னொரு கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு. தமிழ்நாட்டில் இருந்தவர்கள் ஏன் உயிரைப் பணயம் வைத்துக் கிளம்பினார்கள்? இங்கே குண்டு விழவில்லை. மொழி தமிழ். சாப்பாடு அதே சாப்பாடு. கோவில், சர்ச் எல்லாம் உண்டு. அப்படியிருந்தும் ஏன்?

2019 ஜனவரியில் கேரளாவின் முனம்பத்தில் இருந்து இதேபோல் ஒரு மீன்பிடிப் படகு போனது. அதில் ஏறிய ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என்ன ஆனார்கள் என்று அவர்களுடைய குடும்பங்களுக்குத் தெரியவே இல்லை. பாதி கிணறு தாண்டிய வாழ்க்கையில் நிற்பவர்கள்தான் இப்படிக் குதிப்பார்கள்.

ஒரு சின்ன ஊர் செய்த வேலை

ஆஸ்திரேலியாவில் இந்தக் கொள்கை ஒரு குடும்பத்தின் விஷயத்தில் வளைந்தது. வளைத்தது தலைவர்கள் இல்லை. ஒரு சின்ன ஊர்.

குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பிலோயலா என்று ஓர் ஊர். மக்கள் தொகை ஆறாயிரத்துக்குள். சுற்றிலும் பண்ணை, நிலக்கரிச் சுரங்கம், இறைச்சித் தொழிற்சாலை. 2012-லும் 2013-லும் தனித்தனிப் படகுகளில் வந்த ஓர் ஆணும் பெண்ணும் ஆஸ்திரேலியாவில் கல்யாணம் செய்துகொண்டு இந்த ஊரில் குடியேறினார்கள். கணவருக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. 2018 மார்ச் 5 அன்று விடியற்காலையில் அதிகாரிகள் வந்து நால்வரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். விசா முடிந்துவிட்டது என்பது காரணம்.

ஊர் சும்மா இருக்கவில்லை. இவர்கள் எங்க ஊர்க்காரர்கள், திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டது. இடதுசாரிகள் நிறைந்த ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். ஹோவர்ட், அபோட், மோரிசன் கட்சிகளின் கூட்டணிக்கு ஓட்டுப் போடுகிற தொகுதி அது. 2022-இலும் அந்தக் கூட்டணிதான் அங்கே ஜெயித்தது. படகுகளை நிறுத்த வேண்டும் என்று நினைத்தவர்கள்கூட அந்த ஊரில் இருந்திருப்பார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் வேறு, படகு வேறு!

அரசு அசையவில்லை. எல்லா நீதிமன்றங்களும் இவர்கள் அகதிகள் இல்லை என்று சொல்லிவிட்டன, ஒருவருக்கு வளைந்தால் எல்லோருக்கும் வளைய வேண்டும் என்றார் உள்துறை அமைச்சர் டட்டன். 2019 ஆகஸ்டில் இலங்கைக்கு அனுப்ப விமானத்தில் ஏற்றியும் விட்டார்கள். நீதிபதி அவசரத் தடை விதித்ததால் விமானம் டார்வினில் இறங்கியது. அங்கிருந்து கிறிஸ்துமஸ் தீவு. 2021 ஜூனில் இளைய குழந்தைக்கு ரத்தத்தில் தொற்று ஏறி, பெர்த் மருத்துவமனைக்குத் தூக்கிப் போக வேண்டியதாயிற்று. ஒரு சின்னக் குழந்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த படம் நாடு முழுக்கப் போனது. ஆளும் கூட்டணியில் இருந்த பார்னபி ஜாய்ஸ் போன்றவர்களே அவர்களை பிலோயலாவுக்கு அனுப்பினால் என்ன என்று பேச ஆரம்பித்தார்கள்.

2022 மே 21 தேர்தல். அன்றைக்கே இலங்கையில் இருந்து ஒரு படகு பிடிபட்டதாக மோரிசன் அரசு அறிவித்தது. அதைச் சொல்லி வாக்காளர்களின் செல்போன்களுக்கு அவருடைய கட்சி குறுஞ்செய்தியும் அனுப்பியது. 2001-இல் பலித்த மந்திரம் இந்த முறை பலிக்கவில்லை. தொழிற்கட்சியின் அந்தோணி அல்பனீசி ஜெயித்தார். ஆட்சிக்கு வந்த ஒரு வாரத்துக்குள் அந்தக் குடும்பத்துக்குத் தற்காலிக விசா. ஜூனில் பிலோயலா. ஆகஸ்டில் நிரந்தர விசா.

இதில் அல்பனீசிக்குப் பாராட்டு மழை பொழிய வேண்டியதில்லை. படகுகளைத் திருப்பி அனுப்பும் கொள்கையை அவருடைய அரசும் தொடர்ந்தது. பிலோயலா போல ஓர் ஊர் பின்னால் நிற்காத எத்தனையோ தமிழர்கள் பத்து வருடத்துக்கு மேல் தற்காலிக விசாவில் தொங்கினார்கள். 2024-இல் மெல்போர்னில் அப்படிக் காத்திருந்த ஓர் இளைஞர், சிறுவனாக வந்தவர், உயிரை மாய்த்துக்கொண்டார். டட்டன் 2025 மே தேர்தலில் சொந்தத் தொகுதியையே இழந்தார். ஆனால் அதற்குக் காரணம் விலைவாசியும் வீட்டுப் பிரச்சனையும் மற்றதும்தான். படகு மக்கள் மேல் திடீரென்று பிறந்த பாசம் இல்லை.

ஆக, பாடம் இதுதான். தலைவர்கள் ஓட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்து நடப்பார்கள். அவர்களை அசைக்க வேண்டுமானால் ஓட்டுப் போடுகிறவன் ஓட்டில்லாதவனுக்காகப் பேச வேண்டும். "ஐயோ பாவம்" என்று பேசினால் போதாது. "எங்க ஊர் ஆள்" என்று பேச வேண்டும்.

இனி தாப்பாத்தி

இப்போது ஊருக்கு வருவோம். 'கள்ளத்தோணி' என்ற சொல் இந்தக் கடலில் பிறந்தது. ஒரு காலத்தில் இந்தக் கரையில் இருந்து இலங்கைக்குப் பிழைக்கப் போன இந்தியத் தமிழனை அங்கே அப்படித்தான் ஏசினார்கள். 1983-க்குப் பிறகு தோணி திசை மாறியது. இலங்கையில் இருந்து உயிர் பிழைக்க வந்தவர்கள் இங்கே இறங்கினார்கள். 1983 முதல் 3 லட்சத்துக்கும் மேல் வந்ததாகத் தமிழக அரசின் கணக்கு. பலர் திரும்பிப் போனார்கள். 2021-இல் 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தார்கள். அது தவிர வெளியே 34,087 பேர்.

அவர்களுக்காக எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. வீடு, ரேஷன், மாத உதவித்தொகை, பள்ளிக்கூடம் எல்லாம் கொடுத்தது தமிழ்நாடு. 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய் திட்டம் வந்தது. இடிந்த வீடுகளுக்குப் பதில் 7,469 புது வீடுகள் கட்ட முடிவானது. அகதிகள் முகாம் என்ற பெயர் போய் மறுவாழ்வு முகாம் என்ற பெயர் வந்தது. நவுருவோடு இதை ஒப்பிட்டால் பாவம் பிடிக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தில் ஒப்பிடத்தான் வேண்டும். பிலோயலா குடும்பத்துக்கு நான்கு வருடப் போராட்டத்தின் முடிவில் நிரந்தர உரிமை கிடைத்தது. தமிழ்நாட்டு முகாம்களில் நாற்பது வருடம் ஆகியும் பெரும்பாலோருக்கு அது கிடைக்கவில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே பத்தாவது பரீட்சை எழுதி, கல்லூரியில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்த பையன் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. பாஸ்போர்ட் கிடையாது. ஓட்டு கிடையாது. பட்டம் வாங்கியவர்களில் எத்தனையோ பேர் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள்.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1951-ஆம் வருட அகதிகள் ஒப்பந்தத்தில் ஆஸ்திரேலியா கையெழுத்திட்டது, இந்தியா கையெழுத்திடவில்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் அது இன்னும் இறுகியது. பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்றால் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை. முகாமில் இருப்பவர்களைச் சட்டம் அந்தப் பெயரில்தான் பார்த்தது. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சேர்த்தது. இலங்கையைச் சேர்க்கவில்லை. மாநிலங்களவையில் அதிமுக அதை ஆதரித்து வாக்களித்தது, திமுக எதிர்த்தது. பிறகு இரட்டைக் குடியுரிமை கேட்போம் என்றது அதிமுக. கேட்டு என்ன கிடைத்தது?

2025 மே மாதம் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், உலகெங்கும் இருந்து வருகிறவர்களை வைத்துக்கொள்ள இந்தியா தர்ம சத்திரம் இல்லை என்று உச்ச நீதிமன்ற அமர்வு கருத்துச் சொன்னது. செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்கான தண்டனையில் இருந்து விலக்கு அளித்தது. நல்ல விஷயம். ஆனால் ஜெயிலில் போட மாட்டோம் என்பது வேறு, நீயும் இந்த நாட்டுக்காரன் என்பது வேறு.

தூத்துக்குடி தொகுதியில் 2019-லும் 2024-லும் கனிமொழி ஜெயித்தார். எட்டயபுரம் அந்தத் தொகுதியில்தான் இருக்கிறது. அந்தத் தேர்தல்களில் எத்தனை வேட்பாளர்களிடம் எத்தனை வாக்காளர்கள் தாப்பாத்தியைப் பற்றிக் கேட்டிருப்பார்கள்? தண்ணீர், சாலை, மிளகாய் விலை, தீப்பெட்டித் தொழில் எல்லாம் கேட்டிருப்பார்கள். கேட்க வேண்டியவையும்தான். ஆனால் முகாமுக்கு ஓட்டில்லை. அதனால் முகாமைப் பற்றிப் பேச வேட்பாளருக்கு அவசியமும் இல்லை. ஈழம் என்று மேடையில் முழங்கினால் கைதட்டல் உண்டு. தாப்பாத்தி என்று சொன்னால் என்ன உண்டு?

ஆஸ்திரேலியாவில் படகு மக்களை வெறுத்தும் ஓட்டு வாங்கினார்கள், ஆதரித்தும் சிலர் ஓட்டு வாங்கினார்கள். எப்படியோ, அவர்கள் தேர்தல் விவகாரம் ஆனார்கள். இங்கே வெறுப்பு இல்லை. அது பெரிய விஷயம்தான். ஆனால் வெறுப்பு இல்லாத இடத்தில் உரிமையும் இல்லை. இரக்கம் மட்டும் இருக்கிறது. இரக்கம் அரிசி கொடுக்கும், பாஸ்போர்ட் கொடுக்காது.

எட்டயபுரத்துக்கு இதில் ஒரு கூடுதல் கடமை உண்டு. இந்த ஊரில் 1882-இல் பிறந்த பாரதி, 1908-இல் பிரிட்டிஷ் அரசின் கைதுக்குத் தப்பிப் புதுச்சேரிக்குப் போனவர். பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் பத்து வருடம் தஞ்சம் இருந்தவர். 1918-இல் வெளியே வந்ததும் கைதானவர். இன்றைய சொல்லில் சொன்னால் அவரும் ஓர் அகதி. அவருக்கு மணிமண்டபம் கட்டிய ஊர், டிசம்பர் 11 அன்று மாலை போடுகிற ஊர், பக்கத்தில் இருக்கிற அகதிக்காக ஒரு மனுவாவது போட வேண்டாமா?

மனு என்றால் பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஊராட்சிகளின் கிராம சபையில் ஒரு தீர்மானம். கல்லூரி மாணவர்கள், வியாபாரிகள், ஆசிரியர்கள் கையெழுத்துப் போட்டு எம்.பி.க்கு ஒரு கடிதம். கேட்க வேண்டியது இரண்டே இரண்டு. பதிவு செய்துகொண்டு இங்கே வாழ்கிற இலங்கைத் தமிழர்களைச் சட்டவிரோதக் குடியேறி என்ற பட்டியலில் இருந்து சட்டப்படி எடுக்க வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு, விரும்பினால், குடியுரிமை பெற வழி வேண்டும். ஊர் திரும்ப விரும்புகிறவர்களுக்கு அந்த வழியும் திறந்தே இருக்கட்டும்.

இதனால் டெல்லி உடனே அசைந்துவிடுமா? அசையாது. பிலோயலா முதல் மனு போட்டபோது கான்பெராவும் அசையவில்லை. பிரதமர்கள் வந்தார்கள், போனார்கள். ஊர் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. தமிழ் ஒரு வார்த்தைகூடத் தெரியாத ஓர் ஊர், ஒரு தமிழ்க் குடும்பத்தை "எங்க ஊர் ஆள்" என்று நான்கு வருடம் விடாமல் சொன்னது. அதே வார்த்தையைத் தமிழிலேயே சொல்ல எட்டயபுரத்துக்கு என்ன தடை?